‘நாங்கள்’ என்று எழுதியிருந்தோம்

‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு என்று தமிழில் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவரை விட்டுவிட்டால் நாங்கள். மூன்றாவதாக ‘யாம்’ என்று ஒன்று இருக்கிறது. அதை அரசர்களும் தெய்வங்களும் துறைத்தலைவர்களும் பயன்படுத்துவார்கள். அந்த மூன்றாவது சொல்லின்மேல் எனக்கு இருக்கும் கோபம் இத்தனை வருடமாகியும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் எம்.ஏ. தமிழ் படித்தேன். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். அப்பா அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. காளவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். வகுப்பில் எனக்கு நெருக்கமாக இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி வாடிப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். நெல்லும் வாழையும் போடுகிற குடும்பம். அந்த வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். இன்னொருவர் எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர், கோயிலில் பூசை செய்யும் குடும்பத்துப் பிள்ளை. இரண்டு பேரும் அவரை ‘அண்ணே’ என்போம். அவரும் எங்களை வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் துறையில் அப்போது ஆராய்ச்சி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு நூலை எடுத்துக்கொண்டு அதில் இயற்கை, அதில் மகளிர், அதில் அறம் என்று மூன்று கட்டுரை எழுதுவது. அடுத்த வருடம் நூலின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். நோகாமல் நோன்பு கும்பிடுவது என்பார்களே, அதுதான். அப்படிக் கும்பிட்டே பதவி வாங்கியவர் எங்கள் துறைத்தலைவர்.

ஒருநாள் அவர் வசைப்பாட்டைப் பற்றிப் பாடம் நடத்தினார். புலவர்கள் திட்டினால் அதிலும் எதுகை மோனை இருக்கும், உவமை இருக்கும், அதனால் அது இலக்கியம் என்றார். வாடிப்பட்டிக்காரி என் காதோரம் சாய்ந்து, “எங்க ஊரு வாய்க்கா பக்கம் வந்து பாருடி. இதவிட எதுகை மோனையோட திட்டுவாளுக” என்றாள். நான் சத்தம் போட்டுச் சிரித்து எழுந்து நிற்கவேண்டியதாயிற்று. ஆனால் வகுப்பு முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் அதைச் சொன்னபோது அண்ணன் சிரிக்கவில்லை. “அவங்க சொன்னது வெளையாட்டு இல்ல. யாராவது அதச் சேத்து வச்சுருக்காங்களா?” என்று கேட்டார். யாரும் சேர்த்து வைத்திருக்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்தோம்: தெருக்குழாயிலும் வாய்க்காலிலும் பெண்கள் பேசும் வசவுகளை மூன்று பேரும் சேர்ந்து திரட்டி, மூன்று பேரும் சேர்ந்து எழுதுவது.

அனுமதி கேட்கப் போனோம். துறைத்தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார். “கூட்டு ஆய்வா? கூட்டு, பொரியல் எல்லாம் ஹாஸ்டல் மெஸ்ஸில் கிடைக்கும். ஆய்வு என்பது ஒருவர் செய்வது” என்றார். அறையில் இருந்த விரிவுரையாளர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம், நல்ல நகைச்சுவைதானே. வெளியே வந்து, அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று நாங்களே அர்த்தம் பண்ணிக்கொண்டு வேலையை ஆரம்பித்தோம்.

எங்கள் தெருக் குழாயில் விடிந்ததும் தண்ணீர் வரும். அதற்கு முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். ஒருத்தி குடத்தை இன்னொருத்தி காலால் அரையடி நகர்த்தினால் போதும், கச்சேரி ஆரம்பமாகிவிடும். வெளங்காதவளே என்று தொடங்கி, கட்டையில போவ, பேதியில போவ என்று ஏறி, ஒன் குடி மண்ணாப் போவ என்பதில் வந்து நிற்கும். நான் குடத்தோடு வரிசையில் நின்று மனப்பாடம் செய்துகொண்டு வீட்டுக்கு ஓடுவேன். அம்மா, “தண்ணி பிடிக்கப் போனவ குடத்த அங்கயே விட்டுட்டு வந்துருக்கா பாரு” என்று தலையில் அடித்துக்கொள்வாள். மாலையில் நான் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதுவார். பாவம், சில சொற்களுக்கு அவர் காது சிவந்துவிடும். “இத இடக்கரடக்கலா எழுதிடலாமா?” என்று கெஞ்சுவார். முடியவே முடியாது என்று நாங்கள் இருவரும் சொல்லிவிடுவோம்.

எழுதியது எதில் என்று நினைக்கிறீர்கள்? கல்யாணப் பத்திரிகையில். ஆய்வு அட்டை வாங்க எங்களிடம் வசதி இல்லை. பத்திரிகையின் பின்பக்கம் வழவழவென்று வெறுமையாக இருக்கும், கெட்டியாகவும் இருக்கும். கோயில் வீடு என்பதால் அண்ணன் வீட்டுக்கு வந்து குவியும் பத்திரிகைக்குக் கணக்கில்லை. ஒவ்வோர் அட்டையிலும் ஒரே மாதிரி தலைப்புகள் போட்டுக்கொண்டோம்: சொல், இடம், சொன்னவர், வாங்கினவர். கடைசியில் ‘பலித்ததா?’ என்று ஒன்றை அவள் விளையாட்டாகச் சேர்த்தாள். அதை யாரும் நிரப்பியதில்லை. ஒருநாள் அண்ணனின் அம்மா கையில் ஒரு பத்திரிகை மாட்டிவிட்டது. முன்பக்கம் பிள்ளையார் சுழியும் நிகழும் மங்களகரமும். பின்பக்கம் கட்டையில போறவளே. “ஏண்டா, கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னாடி எழுதற வார்த்தையாடா இது? அந்தப் பொண்ணு நன்னா இருக்க வேண்டாமா?” என்று அந்த அம்மா அழுதே விட்டார்களாம். அதற்குப் பிறகு, கல்யாணம் முடிந்து வருடம் தாண்டிய பத்திரிகைகளை மட்டும்தான் எடுத்தோம்.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம். மூன்று பேரும் தலையாட்டாமல் ஒரு வாக்கியமும் கட்டுரைக்குள் போகக்கூடாது. ‘மூதேவி’ வசவா செல்லமா என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டோம். செல்லம் என்று நானும் வசவு என்று அண்ணனும் நின்றோம். அவள்தான், “யாரு யாரச் சொல்றாங்கன்னு பாக்காம அம்புட்டையும் ஒரே சாக்குல போட்டா எப்புடி?” என்று இரண்டு பேர் வாயையும் அடைத்தாள். அந்த வாக்கியத்தை அவள் சொன்னபடியே, எழுத்துத் தமிழுக்கு மாற்றி, கட்டுரையின் முதல் பத்தியில் வைத்தோம். யார் எதைச் சொன்னார்கள் என்று பிறகு பிரிக்கவே முடியாதபடி எல்லாம் கலந்துவிட்டது. அதனால்தான் ஒவ்வொரு பத்தியிலும் ‘நாங்கள்’ வந்தது. நாங்கள் கேட்டோம். நாங்கள் கருதுகிறோம். எங்களுக்குள் இதில் கருத்து வேறுபாடு உண்டு.

கட்டுரையின் உயிர் வாடிப்பட்டியில் கிடைத்தது. அவள் ஊர் வாய்க்காலில் துணி துவைக்கும் கல்லுக்காக இரண்டு பெண்களுக்குள் தகராறு. நாங்கள் மூவரும் வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தோம். கொள்ளையில போவ, நாசமாப் போவ என்று என்னென்னவோ வந்தது. வாங்கியவள் அசரவில்லை, இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் திட்டியவள் குரலை இறக்கி, சாவகாசமாக, “நீ நல்லா இருந்து பாருடி” என்றாள். அவ்வளவுதான். அதுவரை மல்லுக்கு நின்றவள் துணியை அப்படியே போட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எனக்கு விளங்கவில்லை. வாழ்த்துதானே சொன்னாள் என்றேன்.

“எது வாழ்த்து? ‘நல்லா இரு’ன்னா வாழ்த்து. ‘நல்லா இருந்து பாரு’ன்னா வேற. செத்துப் போன்னு திட்டுனா, செத்தா முடிஞ்சு போச்சுல்ல. இது சாகக்கூடாதுன்னு சொல்றது. இருந்து, எல்லாத்தையும் கண்ணால பாக்கணும்கிறது. இருந்தாத்தான பாக்க முடியும் புள்ள?” என்றாள் வாடிப்பட்டிக்காரி.

அண்ணன் வரப்பிலேயே எழுந்து நின்றுவிட்டார். ‘இருந்து’ என்ற ஒரு வினையெச்சம் வாழ்த்தைச் சாபமாகப் புரட்டிவிடுகிறது. கட்டுரையின் மூன்றாம் பகுதி முழுவதும் அதைப் பற்றியதுதான். அது அவள் கண்டுபிடித்தது. அவளிடம் கேட்டால், நாங்கள் கண்டுபிடித்தது என்றுதான் சொல்வாள்.

அன்றைக்கு மதியம் அவள் வீட்டில் சாப்பிட்டோம். அவள் அப்பா என்னிடம் மறைக்காமல் பேசினார். “அடுத்து என்னமோ எம்ஃபில்லாம்ல தாயி. காலேஜுல எடம் குடுத்தாங்கன்னா படிக்கட்டும், நான் குறுக்க நிக்கல. இல்லேன்னா தை மாசம் கல்யாணம். மாப்ள வீட்டுல ரெண்டு வருசமாக் காத்துருக்காங்க. நானும் எம்புட்டு நாள்தான் சாக்குச் சொல்ல?” என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர், அவ்வளவுதான். எங்கள் துறையில் எம்.ஃபில். இடங்கள் மிகக் குறைவு. அச்சில் வந்த கட்டுரை ஒன்று கையில் இருப்பவர்களுக்கே அது கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நானும் அண்ணனும் விண்ணப்பிக்கப் போவதில்லை. எனக்கு பி.எட். என்று வீட்டில் முடிவாகிவிட்டது, அவர் வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். ஆக, எங்கள் கட்டுரை அச்சில் வரவேண்டும், அதில் அவள் பெயர் இருக்கவேண்டும். அவளுக்குத் தை மாதம் எப்படி விடியும் என்பது அதில்தான் இருந்தது.

கட்டுரையை முடித்துத் துறைத்தலைவரிடம் கொடுத்தோம். மறுநாளே கூப்பிட்டு அனுப்பினார். கூட்டு, பொரியல் பேச்செல்லாம் காணவில்லை. “புதுமையாக இருக்கிறது. நம் கருத்தரங்கில் நானே வாசிக்கிறேன். மாணவர்கள் வாசித்தால் எவன் கேட்பான்? கருத்தரங்கத் தொகுதியிலும் போட்டுவிடலாம்” என்றார். முதல் இரண்டு பக்கங்களைச் சிவப்பு மையில் திருத்தி வைத்திருந்தார். எங்கெல்லாம் ‘நாங்கள்’ இருந்ததோ அங்கெல்லாம் அதை அடித்து மேலே ‘யாம்’ என்று எழுதியிருந்தார். “ஆய்வு நடை என்றால் ஒரு மிடுக்கு வேண்டும். நாங்கள், எங்கள் என்பதெல்லாம் பேச்சு வழக்கு. இப்படியே கடைசிவரை மாற்றி நல்ல பிரதி எடுத்து வாருங்கள்.”

இதில்தான் நாங்கள் ஏமாந்தோம். தமிழ் படித்தவர்கள் மட்டுமே இப்படி ஏமாற முடியும். வேறு யாராக இருந்தாலும் இது என்னடா மாற்றம் என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள். எங்களுக்கோ பெருமை பிடிபடவில்லை. குழாயடிச் சண்டையைப் பற்றி எழுதிய எங்களுக்கு ‘யாம்’ கிடைத்துவிட்டதே! பஸ்ஸில் வரும்போது, “யாம் காளவாசலில் இறங்குகிறோம்” என்று நான் சொல்ல, “யாம் வாடிப்பட்டிக்கு வாரோம்” என்று அவள் சொல்ல, கண்டக்டர் முறைத்துப் பார்த்தார். எங்களில் கையெழுத்து நன்றாக இருப்பது அவளுக்கு. மிச்சப் பக்கங்களில் இருந்த ஒவ்வொரு ‘நாங்களை’யும் அவளே, தன் கையால், மணிமணியாக ‘யாம்’ என்று மாற்றி எழுதிக் கொடுத்தாள்.

கருத்தரங்கில் அவர் வாசித்தார். பாதி வசவுகளை முழுங்கிவிட்டார், நேரம் இல்லை என்று மூன்றாம் பகுதியை விட்டுவிட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினோம்.

பிறகு தொகுதி அச்சாகி வந்தது. கட்டுரைக்கு மேலே ஒரே ஒரு பெயர், பட்டங்களோடு. அதற்குக் கீழே யாம் கேட்டோம், யாம் கருதுகிறோம், யாம் நேரில் கண்டோம். கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி: தரவு திரட்ட உதவிய மாணவர் சிலர்க்கு நன்றி. ‘எங்களுக்குள் இதில் கருத்து வேறுபாடு உண்டு’ என்ற வாக்கியம்கூட அப்படியே ‘எமக்குள்’ என்று மாறி நின்றது. ஒரு மனிதர் தனக்குள்ளேயே மூன்று பேராகச் சண்டை போட்டிருக்கிறார் என்று படித்த ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

மூன்று பேரும் அவர் அறைக்குப் போனோம். பேசியது நான். அவர் பதறவில்லை. பதறியிருந்தால் இன்றைக்கு எனக்குக் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கும். “பெயரில் என்னம்மா இருக்கிறது? ‘யாம்’ என்பது தன்மைப் பன்மை. இலக்கணம் படித்தவள்தானே நீ? அந்தப் பன்மைக்குள் நீங்களும் இருக்கிறீர்கள்” என்றார்.

“அப்ப இவ எம்ஃபில்லுக்கு எழுதிப் போடறப்ப, அந்தப் பன்மைக்குள்ள நானும் இருக்கேன்னு காட்டலாமா சார்?” என்று கேட்டேன்.

“அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம். தகுதி இருந்தால் இடம் தானாக வரும்.”

ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்று சாப்பிட்டுவிட்டு, நெய்க்குச் சொந்தக்காரனுக்கே இலக்கணப் பாடமும் நடத்துகிற ஆளை என்ன செய்வது? அண்ணன் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

நேர்காணல் அன்றைக்கு நான் அவளோடு போனேன். அறைக்கு மேலும் கீழும் திறந்த அரைக்கதவுதான், ஆட்டிவிட்டால் ஆடிக்கொண்டே நிற்கும். வராந்தாவில் நின்றால் உள்ளே பேசுவது அத்தனையும் கேட்கும். உள்ளே மூன்று பேர், நடுவில் துறைத்தலைவர். மேசைமேல் அந்தத் தொகுதி இருந்ததை அவள் உள்ளே போகும்போது கதவிடுக்கில் பார்த்தேன்.

“கட்டுரை ஏதாவது வெளிவந்திருக்கிறதா?” கேட்டது அவரேதான். வேறு யாராவது கேட்டிருக்கலாம். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அவளைப் பார்த்து, அதை அவரே கேட்டார்.

அவள் குரல் கேட்டது. “இல்ல சார்.”

“ஆய்வு செய்த அனுபவம்?”

“சேந்து செஞ்சோம் சார். மூணு பேரு.”

“சேர்ந்து செய்ததையெல்லாம் நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை அம்மா.”

நாங்கள்! தேவைப்படும் இடத்தில் அந்தச் சொல் அவருக்குச் சரியாகத்தான் வந்தது. எனக்குக் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே போகவேண்டும் போல இருந்தது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் எழுந்துவிட்டாள். குரலை இறக்கி, சாவகாசமாக, வாய்க்கால் கரையில் கேட்ட அதே ராகத்தில் சொன்னாள்.

“சரிங்க சார். நல்லா இருந்து பாருங்க.”

இனி என்ன நடக்குமோ என்று தூணைப் பிடித்துக்கொண்டேன். நடந்தது இதுதான். அவர் மனம் குளிர்ந்துபோய் மற்ற இரண்டு பேரிடமும், “பாருங்கள், கிராமத்துப் பண்பாடு” என்றார். பிறகு அவளிடம், “நீயும் நல்லா இருந்து பாரும்மா” என்றார்.

தன் பெயர் போட்டுத் தானே வெளியிட்ட கட்டுரையின் மூன்றாம் பகுதியை அந்த மனிதர் படித்திருக்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “சிரிக்காத புள்ள. வாங்குனத அங்கனயே திருப்பிக் குடுத்துட்டாரு” என்றாள். வாடிப்பட்டி பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

தேர்வானவர்கள் பெயர் ஒட்டினார்கள். அவள் பெயர் இல்லை. மார்கழியில் எனக்கு அவள் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. உள்ளே கடிதம் எதுவும் இல்லை. பின்பக்கம், அந்த மணிமணியான கையெழுத்தில்:

சொல்: நல்லா இருந்து பாரு.
இடம்: நேர்காணல் அறை.
சொன்னவர்: துறைத்தலைவர்.
வாங்கினவர்: நான்.
பலித்ததா?

அதற்கு நேரே வெறுமையாக விட்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு நானும் அண்ணனும் போய்விட்டு வந்தோம். அவள் நன்றாகத்தான் இருந்தாள். கணவர் நல்ல மனிதர், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் சொந்தமாகக் கடை வைத்திருந்தார். நான் பி.எட். முடித்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணன் வேலை கிடைத்து வெளியூர் போனார். துறைத்தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பதவி உயர்ந்தார், மாலை வாங்கினார், வசவு ஆய்வின் முன்னோடி என்று மேடையில் சொன்னார்கள். சாபம் எல்லாம் கட்டுரைக்குத்தான் ஆகும். இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் காளவாசலில் அவளைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள், கையில் மளிகைப் பை. பிள்ளைகள், வீடு, தண்ணீர்க் கஷ்டம் என்று பேசினோம். பிறகு அவளாகவே சொன்னாள். அவள் நாத்தனார் பி.ஏ. தமிழ் படிக்கிறாளாம். அவளுக்கு அந்தக் கட்டுரை பாடமாக வந்திருக்கிறதாம்.

“அடுப்படியில வந்து கேக்குறா. ‘அண்ணி, இதுல யாம் யாம்னு போட்டுருக்கே, அது யாரு?’ன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“மூணு பேருன்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“சிரிச்சா. ‘ஒரு பேருதான அண்ணி போட்டுருக்கு. நீங்க எம்.ஏ. படிச்சதெல்லாம் மறந்துபோச்சு’ன்னா.” பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தவள் திரும்பினாள். “இருந்து பாத்துட்டேன் புள்ள” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பத்திரிகையைத் தேடி எடுத்தேன். கையில் பரீட்சைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாதான் இருந்தது. அதை வைத்துவிட்டு நீலப் பேனாவைத் தேடிக் கண்டுபிடித்து, ‘பலித்ததா?’ என்பதற்கு நேரே எழுதினேன்: ஆம்.